சாஸ்திரியோடு பழகியவர்கள் சொல்லும் சாஸ்திரி

கேள்வி இதுதான்: "லால் பகதூர் சாஸ்திரியோடு இருந்த அமைச்சர்கள், அதிகாரிகள், தூதர்கள், நண்பர்கள் எழுதியதைப் படித்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. குள்ளமானவர், ஏழை, நேர்மையானவர், அதிர்ந்து பேசாதவர். நிஜமாகவே அவ்வளவுதானா? இந்த நினைவுகளில் எதை நம்பலாம், எதை ஒதுக்கலாம்?"

எளிமையை நம்பலாம். அதற்குக் காகிதச் சாட்சியே இருக்கிறது. ஆனால் அந்த எளிமைக்குள் கணக்குத் தெரிந்த ஓர் அரசியல்வாதி உட்கார்ந்திருந்தார். அவரைத்தான் இந்த நினைவுகள் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. காரணம் புரியாததல்ல. 1964 ஜூன் முதல் 1966 ஜனவரி வரை, மொத்தம் 19 மாதம் பிரதமராக இருந்து, பதவியிலேயே, வெளிநாட்டில் இறந்தவர். அப்படி இறந்தவரைப் பற்றி யாரும் குறை எழுத உட்காருவதில்லை. அதோடு, பின்னால் இந்திரா காந்தியோடு ஒத்துப்போகாத பலருக்கு சாஸ்திரியைப் புகழ்வது ஒரு வசதி. இவரை உயர்த்தினால் அவரைத் தாழ்த்தியதாகிவிடும், பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

நமக்குப் பக்கத்து ஊரிலிருந்தே தொடங்குகிறேன். 1956 நவம்பர் 23, விடியற்காலை. நல்ல மழை, ஆற்றில் வெள்ளம். சென்னையிலிருந்து தூத்துக்குடி போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்து பெட்டிகள் ஆற்றுக்குள் போயின. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அதே ஆண்டு மகபூப்நகர் அருகே நடந்த விபத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தபோதே கடிதம் கொடுத்திருந்தார், நேரு வாங்கவில்லை. இந்த முறை வாங்கிக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரி பொறுப்பு என்பதற்காக இதை ஏற்கவில்லை, அரசியல் ஒழுங்குக்கு ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்றுதான் ஏற்கிறேன் என்ற கருத்தில் நேரு நாடாளுமன்றத்தில் பேசினார்.

இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் இன்றைக்கும் யாராவது ஒரு பிள்ளை இதைச் சொல்லும். இதன் தொடர்ச்சியைத்தான் நினைவுகூர்பவர்கள் சொல்வதில்லை. விலகியவர் சும்மா வீட்டில் உட்காரவில்லை. 1957 பொதுத்தேர்தலுக்குக் காங்கிரஸ் வேலைகளைக் கவனித்தார். தேர்தல் முடிந்ததும் மறுபடி அமைச்சர். இடையில் கழிந்தது ஆறு மாதம்கூட இல்லை. ராஜினாமா நாடகம் என்று நான் சொல்லவில்லை. முதல் கடிதத்தையும் அவராகத்தான் கொடுத்தார், கேட்டு யாரும் நெருக்கவில்லை. ஆனாலும் "பதவியைத் தூக்கி எறிந்தார்" என்பது ஒரு கதை, "ஐந்தாறு மாதம் விலகி நின்று இன்னும் பலமாகத் திரும்பினார்" என்பது வேறு கதை. நடந்தது இரண்டாவது.

தமிழ்நாட்டு நினைவிலோ அரியலூர் சாஸ்திரியின் பெயரோடு ஒட்டவே இல்லை. அப்போது ரயில்வே துணை அமைச்சர் ஓ.வி. அழகேசன். "அரியலூர் அழகேசா, ஆண்டது போதாதா, மக்கள் மாண்டது போதாதா" என்று தி.மு.க. மேடைகளில் ஒலித்த முழக்கத்தைச் சொல்லில் சிறு மாற்றங்களோடு பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். ஒரே விபத்தில் ஒருவர் உத்தமர் ஆனார், இன்னொருவர் எதுகை மோனைக்குள் மாட்டிக்கொண்டார். அழகேசன் இந்தக் கதையில் இன்னொரு முறை வருவார்.

அடுத்து, கோட்டுக் கதைகள். சாஸ்திரியைப் பற்றி இரண்டு கோட்டுக் கதைகள் உண்டு. முதலாவது 1964 ஜனவரி கடைசியில் நடக்கிறது. ஸ்ரீநகர் ஹஸ்ரத்பால் மசூதியிலிருந்து நபியின் புனித முடி காணாமல் போய், திரும்பக் கிடைத்து, கிடைத்தது அசல்தானா என்று காஷ்மீரே கொதித்துக்கொண்டிருந்த நேரம். நேரு சாஸ்திரியை அனுப்புகிறார். பனிக்காலம், இவரிடம் கனமான கோட்டு இல்லை. நேரு தன்னுடையதைக் கொடுக்கிறார், அது இவருக்கு ரொம்ப நீளம். இரண்டாவது கதை 1966 ஜனவரியில், பாகிஸ்தானோடு பேச்சுவார்த்தைக்குப் போயிருந்த சோவியத் நகரமான தாஷ்கண்டில். கதர்க் கோட்டோடு வந்தவருக்கு சோவியத் பிரதமர் கோசிகின் ஒரு ரஷ்யக் கம்பளிக் கோட்டைப் பரிசளிக்கிறார். சாஸ்திரி அதைத் தன் ஊழியர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் பழைய கோட்டிலேயே வருகிறார். நாங்கள் வெறும் கம்யூனிஸ்ட்கள், இவர் எங்களுக்கும் மேலே என்கிறார் கோசிகின்.

முதல் கதை எனக்கு நம்பும்படி இருக்கிறது. கோட்டு நீளம் என்ற ஒரு விவரமே போதும். கதை கட்டுபவர் கோட்டைக் கச்சிதமாகப் பொருத்திவிடுவார், தரையில் புரளவிட மாட்டார். இரண்டாவது கதை குடும்பத்தார் வழியாகவும் மேடை வழியாகவும் பரவியது. ஒவ்வொரு முறையும் கோசிகின் சொன்ன வசனம் கொஞ்சம் பளபளப்பாகிக்கொண்டே வருகிறது. கோட்டைக் கொடுத்திருப்பார், அது அவர் சுபாவம். வசனத்துக்கு நான் உத்தரவாதம் இல்லை.

ஃபியட் கார் கதை வேறு ரகம். பிரதமரான பிறகு வாங்கிய கார், விலை சுமார் 12,000 ரூபாய். கையில் அவ்வளவு இல்லாமல் பஞ்சாப் நேஷனல் வங்கியில் 5,000 ரூபாய் கடன். அதை அடைக்கும் முன்பே இறந்துவிட்டார். மனைவி லலிதா தனக்கு வந்த ஓய்வூதியத்திலிருந்து கட்டி முடித்தார். கார் டெல்லியில் அவர் நினைவில்லத்தில் நிற்கிறது. உள்துறை அமைச்சராக இருந்த காலத்தில் நண்பர்கள் "ஹோம் இல்லாத ஹோம் மினிஸ்டர்" என்று கேலி செய்ததும் இதே வகைதான், சொந்த வீடு கிடையாது. இதற்கெல்லாம் கோசிகின் வந்து சாட்சி சொல்லத் தேவையில்லை.

சரி, நல்ல நினைவுக்குறிப்பு எப்படி இருக்கும்? என்னைக் கேட்டால் வர்கீஸ் குரியன் சொன்னதைத்தான் காட்டுவேன். ஆனந்தில் அமுல் கூட்டுறவை வளர்த்த அதே குரியன். மலையாளி, ஆனால் கோபிசெட்டிபாளையத்தில் பள்ளி, சென்னை லயோலாவிலும் கிண்டியிலும் கல்லூரி. சாஸ்திரிக்குக் கட்சிக்காரரும் இல்லை, உறவும் இல்லை, பதவி எதிர்பார்ப்பும் இல்லை.

1964 அக்டோபர் 31 அன்று ஆனந்துக்குப் பக்கத்தில் கஞ்சரியில் ஒரு மாட்டுத்தீவனத் தொழிற்சாலையைத் திறந்துவைக்கப் பிரதமரை அழைத்திருந்தார்கள். பிரதமர் ஒரு நிபந்தனை வைத்தார்: முந்தைய நாளே வருவேன், ஏதாவது கிராமத்தில் ஒரு சிறு விவசாயி வீட்டில் தங்குவேன், போலீஸ் படை பட்டாளம் கூடாது. பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அஜர்புரா என்ற கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னால் ஊரே வெள்ளையடித்துத் தோரணம் கட்டிவிடும். அதனால், இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் ஒரு ராத்திரி தங்க வருகிறார்கள், கொஞ்சம் சுத்தமாக வையுங்கள் என்று மட்டும் சொல்லிவைத்தார் குரியன். சாயங்காலம் பிரதமரைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினால் வீட்டுக்காரருக்குக் கை கால் ஓடவில்லை.

அந்த இரவு சாஸ்திரி தெருத்தெருவாக நடந்தார். தலித் குடும்பங்கள், முஸ்லிம் குடும்பங்கள் என்று வீடுவீடாக உட்கார்ந்து நள்ளிரவு தாண்டியும் பேசினார். எருமை எத்தனை, பால் எவ்வளவு, காசு எப்போது கைக்கு வருகிறது, இதுதான் பேச்சு. மறுநாள் குரியனைப் பிடித்துக்கொண்டார். உங்கள் மண்ணைப் பார்த்தேன், கங்கைச் சமவெளி மண்ணைவிட நல்லதில்லை. மழையும் அதிகமில்லை. எருமையும் எங்கள் உத்தரப்பிரதேச எருமையைவிட உசத்தி இல்லை. இவர்கள் பஞ்சாப் விவசாயிகளைவிட அதிகம் உழைப்பவர்களாகவும் தெரியவில்லை. அப்புறம் இங்கே மட்டும் எப்படி ஓடுகிறது? குரியன் சொன்ன பதில்: பால்பண்ணை விவசாயிகளுக்குச் சொந்தம், என்னை வேலைக்கு வைத்திருப்பது அவர்கள். அப்படியானால் நாடு முழுக்க ஆனந்த் வேண்டும் என்றார் சாஸ்திரி. 1965இல் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் பிறந்தது, குரியன் கேட்டபடி டெல்லியில் இல்லாமல் ஆனந்திலேயே.

இதில் சாஸ்திரியை யாரும் மகான் என்று சொல்லவில்லை. ஆனால் மண், மழை, எருமை, ஆள் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, மிச்சம் இருக்கும் ஒரே காரணத்துக்கு வந்து சேரும் மூளை தெரிகிறது. பணிவைப் பற்றிய நூறு பாராட்டைவிட எனக்கு இது பெரிது.

இப்போது அதே காலண்டரில் ஒரு தாள் முன்னால் புரட்டுங்கள். 1964 அக்டோபர் 30. அஜர்புரா இரவுக்கு உரிய தேதி. அதே தேதியில்தான் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவோடு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் டெல்லியில் முடிவானது. இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இருந்த சுமார் 9,75,000 இந்திய வம்சாவளித் தமிழர்களைப் பிரித்துக்கொண்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள்.

அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் அந்த நாட்டுக்காரர்கள் என்ற நிலையை நேரு பல ஆண்டுகள் விடாமல் பிடித்திருந்தார். சாஸ்திரி ஐந்தே மாதத்தில் அதை விட்டுக்கொடுத்தார். சீனாவோடு போர் நடந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. அக்கம்பக்கத்து நாடுகளோடு சுமுகமாகப் போக வேண்டும் என்ற கணக்கு அவருக்கு இருந்தது. கணக்கு புரிகிறது. ஆனால் தொண்டமான் உட்பட மலையகத் தலைவர்களை அந்த மேசையில் உட்கார வைக்கவில்லை. தோட்டத்து மக்களிடம் யாரும் கேட்கவில்லை. அஜர்புராவில் எருமைக்குத் தீவனம் என்ன வைக்கிறீர்கள் என்று வீடுவீடாகக் கேட்ட மனிதர், 5,25,000 பேரிடம் உங்கள் ஊர் எது என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

சாஸ்திரியை நினைவுகூரும் அதிகாரிகளும் தூதர்களும் இந்த ஒப்பந்தத்தைப் பெரும்பாலும் ஒரு வெற்றியாக ஒற்றை வரியில் தாண்டிப் போகிறார்கள்: நேருவால் முடியாததை முடித்துக் காட்டினார் என்று. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைப் பார்த்து, கூடலூர், கோத்தகிரி அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் நினைவுக்குறிப்பு எழுதும் ஆட்கள் இல்லை. எழுதியிருந்தால் சாஸ்திரியின் படம் வேறு மாதிரி இருந்திருக்கும். உங்கள் கேள்விக்கு இதுவும் பதிலில் ஒரு பங்கு. எல்லா நினைவுகளும் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம், எல்லோரும் ஒரே அறைக்குள் இருந்தவர்கள்.

சி. சுப்பிரமணியம் விஷயத்துக்கு வருகிறேன். 1964இல் உணவுத்துறை என்றால் அரசியல்வாதிகளுக்குச் சுடுகாடு மாதிரி. அமெரிக்கக் கோதுமைக் கப்பல் வந்தால்தான் ரேஷன். எஃகுத் துறையைக் கவனித்துக்கொண்டிருந்த சி.எஸ்.ஸிடம், வேறு யாரும் இதை ஏற்கத் தயாராக இல்லை, நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சாஸ்திரி கேட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். தன் திறமையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்லிக்கொள்ளாமல், யாரும் வாங்காததால் என் தலையில் விழுந்தது என்று சொல்கிறார் பாருங்கள், அதனால்தான் நம்புகிறேன். சொல்பவரின் மரியாதையைக் கொஞ்சம் குறைக்கிற நினைவு பெரும்பாலும் உண்மையாக இருக்கும்.

அதற்குப் பின் நடந்தது தெரிந்ததே. இந்திய உணவுக் கழகம் 1965 பொங்கல் சமயத்தில் தொடங்கியது, முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். குட்டைரகக் கோதுமை விதை 1965இல் 250 டன், அடுத்த ஆண்டு 18,000 டன் மெக்சிகோவிலிருந்து வந்தது. நிதித்துறையும் திட்டக்குழுவும் முணுமுணுத்தன. சி.எஸ். தன் டெல்லி பங்களாவின் புல்வெளியைக் கொத்தி அந்தக் கோதுமையைப் பயிரிட்டுக் காட்டினார். முன்னால் நின்று பேசியது சி.எஸ்., பின்னால் விலகாமல் நின்றது சாஸ்திரி. எதிர்ப்பவர்கள் பேசட்டும் என்று விட்டுவிட்டுக் கடைசியில் தன் ஆள் பக்கம் சாய்வது அவர் பாணி.

திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விடச் சொன்னதும் இந்தக் காலத்தில்தான். ஹோட்டல்கள்கூட அன்று மாலை மூடின. எங்கள் பாட்டி, "சாஸ்திரி சொன்னார், நான் திங்கட்கிழமை ராத்திரி அடுப்பே மூட்டவில்லை" என்று கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு அம்மா மெதுவாகச் சொன்னார்: பாட்டிக்குக் கல்யாணமான நாளிலிருந்தே சோமவார விரதம் உண்டாம். பாட்டி பொய் சொல்லவில்லை. சிவனுக்கு இருந்ததை நாட்டுக்கும் சேர்த்துக் கணக்கு வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். பெரிய அமைச்சர்களின் நினைவுக்குறிப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பாட்டி ஞாபகம் வரும்.

1965 மொழிப்போரில் அதே சி.எஸ். மறுபடி வருகிறார், கூடவே அழகேசனும். ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழி என்றதும் தமிழ்நாடு பற்றி எரிந்தது. பிப்ரவரியில் மத்திய அமைச்சர்களான இருவரும் ராஜினாமா செய்தார்கள். எதற்கும் விட்டுக்கொடுப்பவர், எல்லோரையும் அரவணைப்பவர் என்று நண்பர்கள் சொல்லும் சாஸ்திரி என்ன செய்தார்? ராஜினாமாக்களை ஏற்றுக்கொள்ளும்படி குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைத்தார். ராதாகிருஷ்ணன்தான் ஏற்க மறுத்து, நிலைமையை மோசமாக்க வேண்டாம் என்று புத்தி சொன்னார். அதன் பிறகே சாஸ்திரி இறங்கிவந்து, பிப்ரவரி 11 அன்று வானொலியில் பேசி, இந்தி பேசாத மக்களுக்கு நேரு கொடுத்த உறுதிமொழியைக் காப்பாற்றுவேன் என்றார். இறங்கிவந்தது பெரிய குணம்தான், சந்தேகமில்லை. ஆனால் முதலில் ஏறி நின்றார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் ஆள் முழுசாகத் தெரிகிறார். அரியலூரில் எந்தக் கடிதத்தால் பெயர் வாங்கினாரோ, அதே மாதிரி இரண்டு கடிதங்கள் தன் மேசைக்கு வந்தபோது கையெழுத்தைப் பார்த்து மேலே தள்ளிவிட்டார்.

தூதர்கள், வெளிநாட்டுத் தலைவர்களின் நினைவுகளில் ஒரே ஒரு சங்கதிதான் திரும்பத் திரும்ப வருகிறது: உயரம். 1964 அக்டோபரில் கெய்ரோவில் அணிசேரா நாடுகள் மாநாடு முடிந்து திரும்பும் வழியில் கராச்சியில் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானைச் சந்தித்தார். ஆறடிக்கு மேல் உயரமும் இராணுவ மிடுக்குமாக அயூப், பக்கத்தில் வேட்டி கட்டிய சாஸ்திரி. அந்தச் சந்திப்பில்தான் இவரை லேசாக எடைபோட்டுவிட்டார் என்று இந்தியத் தரப்பில் எழுதிய பலரும் சொல்கிறார்கள். பிறகு நடந்ததைத் தெரிந்துகொண்டு முன்னால் நடந்ததற்கு அர்த்தம் சொல்வது சுலபம் என்பதால் இதைக் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஆனாலும் 1965இல் பாகிஸ்தான் போட்ட திட்டங்களைப் பார்த்தால், டெல்லியில் இருப்பவர் திருப்பி அடிக்க மாட்டார் என்று யாரோ நம்பியிருந்தது தெரிகிறது.

அமெரிக்காவோடு நடந்தது வேறு மாதிரி. 1965 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் ஜான்சன், அயூபின் வருகையையும் சாஸ்திரியின் வருகையையும் ஒரே மூச்சில் தள்ளிவைத்தார். வியட்நாம் விஷயத்தில் அயூப் மேல் கோபம், ஒருவரை மட்டும் தள்ளினால் நன்றாக இருக்காது என்று இவரையும் சேர்த்துவிட்டார்கள். டெல்லியில் அமெரிக்கத் தூதராக இருந்த செஸ்டர் பௌல்ஸ் இந்தியாவின் நண்பர், இந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நிலை அவருக்கு. சாஸ்திரி சத்தம் போடவில்லை. ஜூனில் கனடா வரைக்கும் போனார், பக்கத்தில் இருந்த அமெரிக்காவுக்குள் கால் வைக்காமல் திரும்பினார். அவர் கோபம் அப்படித்தான் இருக்கும். கோதுமைக்குக் கையேந்தும் நாட்டின் பிரதமர் இப்படிச் செய்ய ஒரு முதுகெலும்பு வேண்டும். சாந்த சொரூபி என்ற ஒற்றை வார்த்தைக்குள் இது அடங்காது.

1965இல் பாகிஸ்தானோடு நடந்த போரைப் பற்றிய நினைவுகளை அதிகம் நம்பாதீர்கள். அங்கே எல்லோருக்கும் ஒரு பங்கு புகழ் தேவைப்படுகிறது. 1965 செப்டம்பர் 1 அன்று ஜம்முவின் சம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகள் உள்ளே வந்தபோது விமானப்படையைப் பறக்கவிட நொடியில் உத்தரவிட்டது சாஸ்திரி என்று பொதுவாகச் சொல்வார்கள். அன்று மாலை, அமைச்சரவை கூடட்டும் என்று காத்திருக்காமல் அனுமதி கொடுத்தவர் பாதுகாப்பு அமைச்சர் ஒய்.பி. சவாண். விமானப்படைத் தளபதி அர்ஜன் சிங் தன் கடைசிக்காலம் வரை அந்தச் சில நிமிடங்களைப் பற்றி மரியாதையோடு பேசியிருக்கிறார். செப்டம்பர் 6 அன்று சர்வதேச எல்லையைத் தாண்டி லாகூர் பக்கம் போனது சாஸ்திரியின் தீர்மானம். அது பெரிய தீர்மானம், நேரு எடுத்திருப்பாரா என்று சந்தேகப்படலாம். அதற்காகச் சவாணுடைய பங்கையும் இவர் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

அப்புறம் பியாஸ் நதி விவகாரம். அமிர்தசரஸைக் கைவிட்டு பியாஸுக்குப் பின்னால் வரும்படி இராணுவத் தலைமைத் தளபதி சௌதுரி சொன்னார், நான் மறுத்துவிட்டேன் என்று மேற்குப் பிராந்தியத் தளபதி ஹர்பக்ஷ் சிங் எழுதினார். அது அச்சில் வந்தது 1991இல். சௌதுரி 1983இலேயே காலமாகிவிட்டார். ஹர்பக்ஷ் சிங் சொல்வது உண்மையாக இருக்கலாம், அவருடைய உதவி அதிகாரியாக இருந்தவரும் அதையே சொல்கிறார். ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் இல்லாத இடத்தில் சொல்லப்படும் சாட்சிக்கு நான் எப்போதும் அரை மதிப்பெண்தான் போடுவேன்.

கடைசியாக தாஷ்கண்ட். 1966 ஜனவரி 10 அன்று உடன்பாட்டில் கையெழுத்தானது. பிடித்த இடங்களை இரு தரப்பும் திருப்பித் தர வேண்டும், அதில் நம் வீரர்கள் இரத்தம் சிந்திப் பிடித்த காஷ்மீரின் ஹாஜி பீர் கணவாயும் அடங்கும். அன்றிரவே, அதாவது 11ஆம் தேதி பிறந்து சற்று நேரத்தில், சாஸ்திரி இறந்தார்.

அந்த இரவைப் பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்படுவது குல்தீப் நய்யார் சொன்னது. உள்துறையில் சாஸ்திரியிடம் செய்தி அதிகாரியாக இருந்தவர், தாஷ்கண்டுக்கும் போயிருந்தார். நள்ளிரவுக்குப் பின் ஒரு ரஷ்யப் பெண் கதவைத் தட்டி, உங்கள் பிரதமர் இறந்துகொண்டிருக்கிறார் என்கிறார். இவர் ஓடுகிறார். தாழ்வாரத்தில் கோசிகின் நிற்கிறார், கையை மட்டும் உயர்த்திக் காட்டுகிறார். பெரிய அறை, பெரிய கட்டில், அதில் சின்னதாக அந்த உடல். தரையில் கம்பளத்தின் மேல் செருப்புகள் ஒழுங்காக ஜோடியாக இருந்தன, போட்டுக்கொண்ட அடையாளமே இல்லை. மேசை மேல் ஒரு தெர்மாஸ் கவிழ்ந்து கிடந்தது. விடியும் முன் அயூப் கான் வந்து நின்று, இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே நட்புக்காக உயிரைக் கொடுத்த மனிதர் என்று சொன்னதாகவும் நய்யார் எழுதினார். விமான நிலையத்தில் கோசிகினும் அயூபும் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த படத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். கராச்சியில் குனிந்து பார்த்தவர்.

செருப்பையும் தெர்மாஸையும் நான் நம்புகிறேன். தூக்கம் கலைந்து ஓடி வந்தவன் கண்ணில் விழுவது அப்படிப்பட்ட பொருள்கள்தான். ஆனால் பிற்காலத்தில் கிளம்பிய சதிக் கதைகள் எல்லாம் அந்தத் தெர்மாஸில்தான் தொங்குகின்றன. அன்று இரவுச் சாப்பாட்டைச் சமைத்தவர் மாஸ்கோவில் இந்தியத் தூதராக இருந்த டி.என். கவுலின் சமையல்காரர். பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. உடல் நீலமாக இருந்தது என்றார்கள் குடும்பத்தார். லலிதா விஷம் என்றே கடைசிவரை நம்பினார். நய்யாரும் வயதான பிறகு எழுதியபோது, முதலில் இல்லாத சந்தேகத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டார். அதே தாஷ்கண்டில் இருந்த இன்னொருவர், சாஸ்திரியின் நெருங்கிய அதிகாரி சி.பி. ஸ்ரீவாஸ்தவா, பல ஆண்டுகள் கழித்து மருத்துவ அறிக்கைகளை வைத்து ஆராய்ந்து, இயற்கையான மரணம் என்ற முடிவுக்கே வந்தார்.

நான் ஸ்ரீவாஸ்தவா பக்கம். 1959இல் ஒரு மாரடைப்பு. பிரதமரான சில வாரங்களிலேயே இன்னொன்று, லண்டனில் காமன்வெல்த் மாநாட்டுக்குக்கூடப் போக முடியவில்லை. அதன் பிறகு பஞ்சம், மொழிப்போர், கட்ச் எல்லையில் பாகிஸ்தானோடு மோதல், பெரிய போர், ஒரு வாரப் பேச்சுவார்த்தை. மூன்றாவதாக ஒன்று வர விஷம் எதற்கு? பிரேதப் பரிசோதனை செய்யாதது தவறு, அந்தத் தவறுதான் இத்தனை ஆண்டுப் பேச்சுக்கும் தீனி.

எனக்கு அந்த இரவில் மனதில் நிற்பது வேறொன்று. கையெழுத்து முடிந்து அறைக்கு வந்தவர், டெல்லி வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுகிறார். அவருடைய உதவியாளர் சொல்லி நய்யார் எழுதியது இது: ஹாஜி பீரைக் கொடுத்தது எங்களுக்குப் பிடிக்கவில்லை என்று மகள் சொன்னார். ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று விசாரித்தார், நல்ல செய்தி இல்லை. பேசி முடித்துவிட்டு அறைக்குள்ளேயே அங்குமிங்கும் நடந்தார். மறுநாள் காபூல் போக வேண்டியிருந்தது. டெல்லிப் பத்திரிகைகளை அங்கே கொண்டுவந்து சேர்க்கச் சொல்லியிருந்தார்.